மாப்பிள்ளையின் கார் நிற்கும் இடம்

செப்டம்பர் 7, ஞாயிறு

மனையைப் பார்த்துவிட்டு வந்தோம். சென்னிமலை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே கொஞ்சம் நடக்க வேண்டும். முப்பதுக்கு நாற்பது. கிழக்கே தெரு; தெருவின் எதிர்ப்புறம், நம் மனைக்கு நேராக ஒரு மின்கம்பம். வடக்கே யாருடையதோ சோளக்காடு. மற்ற இரண்டு பக்கமும் இன்னும் விற்காத மனைகள்.

அப்பா நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். “பாரு கண்ணு, பங்களாவாட்டமா வெக்கோணும்.” மாடி இல்லாமல், முன்னால் வளைவு வைத்துக் கட்டிய தனி வீடு எதுவானாலும் எங்கள் பக்கத்தில் பங்களாதான்.

நான் பிறந்ததிலிருந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். ஒரு ஹால், ஒரு சமையலறை. அப்பா, அம்மா, நான், தம்பி பிரவீன். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நான் சிவில் முடித்துவிட்டு ஓர் என்ஜினியர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் வரைகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான்.

“ஊருக்கெல்லாம் நீதான போட்டுக் குடுக்கற. நம்மளுக்கும் நீயே போட்டுரு” என்றார் அப்பா. என் படிப்பை நம்பி அவர் ஒரு வேலை சொல்வது இதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்தே மனதுக்குள் பாதியைப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தாளில் வரைந்தேன்: இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, சாமிக்கு ஒரு இடம். முன்பக்கம் வடகிழக்கு மூலையில் சின்னதாக இன்னோர் அறை. அதில் ‘படிப்பறை’ என்று எழுதினேன். யாருடையது என்று எழுதவில்லை. பார்த்தாலே தெரியும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் போட்டு நான் அச்செடுத்து வந்த பிளானை அப்பா தோல்பைக்குள் வைத்து பஸ்ஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார். திரும்பி வந்தபோது அதில் நீலம், சிவப்பு, பச்சை என்று எல்லா நிறத்திலும் கோடுகள்.

“யாருங்கப்பா இப்படிக் கிறுக்குனது?”

“கிறுக்கலா? அது ரிட்டயர்டு வாத்தியாரு கண்ணு. மூணு வீடு கட்டுனவரு. மாடிப்படிக்குக் கீழ பாத்ரூம் வெச்சா எடம் மிச்சமுங்கறாரு.”

“இது?”

“அது காங்கயத்துல எறங்குற நர்சம்மா. சமையக்கட்டுல நின்னா வாசல் தெரியோணுமாமா.”

“இந்தப் பெரிய கோடுங்கப்பா?”

“அது ஒண்ணுமில்ல. டிரைவரு பிரேக் போட்டாப்ல. பேனா இழுத்துக்கிச்சு.”

அந்தக் கோடு படிப்பறையின் குறுக்கே போயிருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

அலுவலகத்தில் ஈரோட்டுக்காரர் ஒருவரின் பங்களா வேலை. நாய்க்குத் தனி அறை கேட்டார்கள். எட்டுக்கு ஆறு. தெற்கே ஜன்னல், மின்விசிறிக்கு ஒரு பாயின்ட். மற்ற எல்லா அறைக்கும் பெயர் போட்டிருக்கிறதே, இதற்கும் போடுங்கள் என்றார் வீட்டுக்கார அம்மா. ‘ரோஸி ரூம்’ என்று தட்டச்சு செய்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் பிரவீன் ஹாலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் உடை மாற்றச் சமையலறைக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. அம்மா கொதிக்கிற ரசத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தங்கமுத்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், சென்னிமலையில் உரக்கடை வைத்திருக்கிறார். சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் மனையடி அளவு பார்த்துச் சொல்வது அவர்தான். அறையின் நீளமும் அகலமும் இத்தனை அடி வந்தால் ஆகும், இத்தனை வந்தால் ஆகாது என்று ஒரு கணக்கு. பத்து, பதினொன்று, பதினாறு ஆகும். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை ஆகாது. அதுவும் உள்ளளவுதான் கணக்கு. சுவரின் கனத்தைச் சாஸ்திரம் பார்ப்பதில்லை. மனை பார்க்கிறது. மாமா சொன்ன அளவுகளை எல்லாம் சுவரோடு சேர்த்துக் கூட்டினால் வீடு தெருவில் போய் நின்றது.

“ஏதாச்சும் ஒண்ண எடுக்கோணும்” என்றார் மாமா. விரல் நேராக அங்கே போனது. “இது என்ன ரூமு?”

“படிப்பறைங்க மாமா.”

“ஆரு படிக்க? பிரவீனு படிப்ப உட்டுத்தான் ரெண்டு வருசம் ஆச்சே.”

“என்னைய எதுக்கு இழுக்கறீங்க?” என்றான் பிரவீன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “சும்மா… பொதுவா படிக்கறதுக்கு” என்றேன். இந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

“அப்ப அத எடுத்துட்டு அந்த எடத்துல போர்டிகோ வெச்சுரலாம்” என்றார் அப்பா. “காரு நிக்கோணுமல்ல.”

“நம்மகிட்ட காரே இல்லீங்களேப்பா.”

“நம்மளுக்கு எதுக்குக் காரு? மாப்பிள்ளை வந்தா எங்க நிறுத்துவாரு?”

“எந்த மாப்பிள்ளைங்கப்பா?”

“வரப்போற மாப்பிள்ளை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“நீ இன்னும் எத்தன நாளைக்கு அம்மிணி இங்க இருக்கப் போற?” என்றார் மாமா. “கட்டிக் குடுத்துட்டா, வாரப்ப ஹால்ல படுத்துக்கலாம்.”

வடகிழக்கு மூலை திறந்து கிடப்பது விசேஷமாம். போர்டிகோ அறையல்ல, அதற்கு உள்ளளவு பார்க்கத் தேவையில்லையாம்.

செப்டம்பர் 22, திங்கள்

படிப்பறையை எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ரப்பரால் தேய்க்கிற சிரமம்கூட இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

ஐந்தாவது பிளான். அப்பாவின் பஸ்ஸில் தரகர் ஒருவர் ஏறுகிறார். காங்கயம் பக்கம் ஒரு வரன் சொன்னாராம்: அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிற பையன், சொந்தக் கார். அப்பா என்ன வேலை, என்ன படிப்பு என்று கேட்டதைவிட என்ன கார் என்று அதிகம் கேட்டிருக்கிறார். அதே மாதிரிக் கார் ஒன்று பெருந்துறை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்றதைப் பார்த்து, டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். கார்க்காரர் டீக்கடையிலிருந்து ஓடி வந்தாராம்.

“என்னங்கப்பா சொன்னாரு?”

“மொதல்ல சத்தம் போட்டாரு. அப்பறம் வெசயத்தச் சொன்னேன். கதவு தொறக்க ரெண்டு பக்கமும் எடம் உடோணும், பத்தடி அகலம் வெய்யுங்கன்னாரு. நல்ல மனுசன்.”

அவரும் பிளானில் ஒரு கோடு போட்டிருந்தார்.

எதிரே கம்பம் இருக்கிறது, தெருவும் குறுகல், அவ்வளவு பெரிய வண்டி உள்ளே திரும்பாது என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். “ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டிருவான் கண்ணு” என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவப் போய்விட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மாவுடன் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வருவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அப்போது கேட்டேன்.

“அந்த முன்னாடி ரூமு இருந்தா நல்லா இருந்திருக்குமில்லம்மா?”

“கிரைண்டருக்கு பிளக்கு எங்க வெச்சிருக்கற?”

“மேடைக்குக் கீழம்மா. நான் கேட்டதுக்குச் சொல்லு.”

“ஹால்ல ஒரு டேபிள் போட்டுக்கிட்டாப் போச்சு.”

“பிரவீன் டிவி பாப்பான்.”

“அவங்கிட்டச் சொல்லலாம், கம்மியா வெய்யின்னு.” அம்மா இன்னும் நாலு வெங்காயம் உரித்தாள். பிறகு, “உங்கப்பன் ஆசையா கெடக்கறாரு. இப்பப் போயி எதையும் கெடுத்துப் போடாத” என்றாள்.

நான் எதைக் கெடுத்தேன்?

அக்டோபர் 24, வெள்ளி

பூமி பூஜை. டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையை மேஸ்திரி ராசப்பன் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் பேர் சொல்லிச் சுண்ணாம்புக் கோடு போட்டார். “இது அய்யா ரூமு. இது தம்பி ரூமு. இது சாமி ரூமு. இது காரு.” ஒவ்வொன்றுக்கும் மாமா தலையாட்டினார். வெயிலில் சுண்ணாம்பைப் பார்க்கக் கண் கூசியது.

இனிப்புக் கொடுப்பது, நாற்காலி எடுத்துப் போடுவது, டம்ளர் கழுவுவது எல்லாம் என் வேலை. பிளான் யார் போட்டது என்று யாரோ கேட்டார்கள். “நாலு பேரு சேந்து போட்டதுங்க” என்றார் அப்பா.

நவம்பர் 16, ஞாயிறு

கடைக்கால் வேலை முடிந்து தரை மட்டத்துக்குச் சுவர் வந்துவிட்டது. போர்டிகோத் தூண்கள் இரண்டும் எழுந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்குத் தண்ணீர் விடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிரவீன், “அக்காவுக்கு வேலைன்னா அவ்வளவு இஷ்டம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டான்.

தண்ணீர் விட்டு முடித்ததும் போர்டிகோவில் மணல் மேல் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். காலை வெளிச்சம் நன்றாக விழுகிறது. சோளக்காட்டுக் காற்று. பைக்குள் உதவிப் பொறியாளர் தேர்வுப் புத்தகம் இருந்தது. ஒரு மாதத்தில் லைன் வீட்டில் படித்ததை ஒரே காலையில் படித்தேன்.

பரீட்சை எழுதப் போவதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணத்துக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். போன தடவை கொஞ்ச மதிப்பெண்ணில் போய்விட்டது. டிவியைக் குறை சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

பயணிகள் சொன்னபடி மாடிப்படியை நாலாவது முறை மாற்றினேன். அது முதலில் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. இதைச் சொன்னபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது. அதுவும் நல்ல சிரிப்பில்லை.

டிசம்பர் 29, திங்கள்

நேற்று மேல்தளம் கான்கிரீட். போர்டிகோவுக்கும் சேர்த்தே போட்டாயிற்று. அடியில் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், உட்கார இடமில்லை. மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டு வந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று அவர்கள் வந்தார்கள். பெண் பார்ப்பதை லைன் வீட்டில் வைத்துக்கொள்ள அப்பாவுக்கு மனமில்லை. முட்டுப் பிரித்துப் பெருக்கி, பூசாத ஹாலிலேயே ஜமுக்காளம் விரித்து நாற்காலி போட்டிருந்தோம். நான் சேலையில், சிமென்ட் வாசனைக்கு நடுவில்.

கார் தெருமுனையில் திரும்பியதுமே அப்பா வாசலுக்கு ஓடினார். பையனும் அவனுடைய பெற்றோரும் தரகரும் அதில் இருந்தார்கள். தெருவிலேயே இறங்கப் பார்த்தார்கள். அப்பா விடவில்லை.

“உள்ள உடுங்க மாப்ள, உள்ள! உங்களுக்குன்னே கட்டுனது!”

பையன் திருப்பினான். மூக்கு தூணுக்கு வந்தது. வால் கம்பத்துக்குப் போனது. பின்னால் எடுத்தான். அப்பா கையைக் காலைத் தூக்கி, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற அதே குரலில் கத்த ஆரம்பித்தார். “வரட்டும் வரட்டும் வரட்டும்… ஹோல்டான்! லெஃப்ட்ல ஒடிங்க! இன்னும் ஒடிங்க! வரட்டும்…” பழக்கதோஷத்தில் விசிலை எடுத்து ஊதிவிட்டார். எங்கிருந்தோ நாலு பேர் கூடி ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். பிரவீன் ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்குக் கீழே போட்டான். அது எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. பையனின் அம்மா உள்ளேயிருந்து, “எறங்கீறலாம்டா, எறங்கீறலாம்டா” என்று சொல்லிக்கொண்டே இருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.

பிறகு தூணில் உரசுகிற சத்தம்.

காரைத் தெருமுனையிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். பையன் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் காரின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நான் காபி கொடுத்தபோது மட்டும் ஒருமுறை நிமிர்ந்து, “இந்தப் பிளான் ஆருங்க போட்டது?” என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு இந்த ஒருமுறை எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

ஜனவரி 21, புதன்

தரகர் பஸ்ஸில் சொல்லியனுப்பினார். ஜாதகம் சரியாக அமையவில்லையாம். பார்க்க வருவதற்கு முன்பு அமைந்திருந்த ஜாதகம்.

எனக்கு வருத்தம் இல்லை. அப்பா சாப்பிடாமல் படுத்ததுதான் கஷ்டமாக இருக்கிறது. அதற்கும் நான்தான் காரணம் என்பதுபோல அம்மா என் தட்டில் சோற்றை வேகமாகத் தட்டினாள்.

ஜனவரி 25, ஞாயிறு

பூச்சு வேலை ஆரம்பிக்கும் முன் போர்டிகோவை என்ன செய்வதென்று பேச எல்லோரும் மனைக்குப் போனோம். மாமாவும் வந்திருந்தார். மேஸ்திரி ராசப்பன் கொத்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டு ஓரமாக நின்றார். கார் நுழையாத போர்டிகோவுக்கு எல்லோரிடமும் ஒரு யோசனை இருந்தது. ஷட்டர் போட்டுக் கடைக்கு விடலாம் என்றார் மாமா. பைக்கை நிறுத்திக்கொள்கிறேன் என்றான் பிரவீன். அந்தக் கம்பத்தை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றார் அப்பா. பஸ்ஸில் வருகிற ஒருவருக்கு மின்வாரியத்தில் ஆள் தெரியுமாம்.

கம்பம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் எதுவோ அறுந்தது.

“அத எனக்குக் குடுத்துருங்கப்பா.”

நான் சொன்னது எனக்கே சத்தமாகக் கேட்டது. பிரவீன் திரும்பிப் பார்த்தான்.

“எத கண்ணு?”

“இந்த எடத்த. ரெண்டு பக்கமும் சுவரு வெச்சா ரூமாயிரும். எனக்கு ரூம் வேணும்.” நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. “பரீட்சை எழுதறனுங்கப்பா. கவர்மென்ட் பரீட்சை. போன வாட்டியும் எழுதுனேன், சொல்லல. அந்த வீட்டுல படிக்க முடியல. இதுலயும் எனக்குன்னு ஒரு எடமில்ல. அஞ்சு பிளான் போட்டேன், எல்லாத்துலயும் எல்லாத்துக்கும் எடம் இருக்குது. எனக்கு இல்ல.”

மாமாதான் முதலில் சுதாரித்தார். டேப்பை வாங்கி, ஹால் சுவரிலிருந்து தூண் வரை பிடித்தார். போர்டிகோ அறையில்லை என்று அன்று உள்ளளவு பார்க்காமல் தூணோடு சேர்த்துப் பத்தடி வைத்திருந்தோம். தூணுக்கு நேராகச் சுவர் வைத்து, பூச்சும் பூசிவிட்டால் உள்ளே பத்து நிற்காது.

“ஒம்பது” என்றார் மாமா. “ஆகாது.”

“ஈசானிய மூலைல படிக்கற புள்ள உக்காந்தா நல்லதுன்னு நம்ம சித்தி மகன் வீட்டுக்குச் சொன்னீங்களேண்ணா?” இது அம்மா. நான் அவளை எதிர்பார்க்கவில்லை.

“மூலை நல்லதுதான் புள்ள. அளவு ஆகாதுங்கறேன். ஒம்பதடி ரூமுல வயசுப் புள்ள இருந்தா கல்யாணம் தள்ளிப் போகும்.”

“எவ்வளவு தள்ளிப் போகுங்க மாமா?” என்று கேட்டேன்.

“என்ன?”

“எத்தன வருசம் தள்ளிப் போகும்?”

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் மாமாவிடம் கேட்டிருக்க மாட்டார்கள். டேப்பைப் பார்த்தார். “ஒரு… ரெண்டு மூணு வருசம் போகும்.”

“அது போதுங்க மாமா.”

மேஸ்திரி இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “வெளையாட்டுப் பேச்சில்ல அம்மிணி. வேணும்னா ஒரு பக்கம் முழுக்க ஒரு அடிக்கு அலமாரி கட்டுனா எட்டாயிரும். எட்டு ரொம்ப விசேஷம். சட்டுன்னு அமைஞ்சுரும்.”

“வேண்டாமுங்க. ஒம்பதே இருக்கட்டும்.”

“ஏனுங் மாப்ள, புள்ள பேசறதக் கேட்டுட்டுச் சும்மா நிக்கறீங்க?” என்று மாமா அப்பாவிடம் திரும்பினார்.

அப்பா தூணில் கார் உரசிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு என்ன சொல்லுவாரு?” என்றாள் அம்மா. “வயசுக்கு வந்த நாள்ல இருந்து புள்ள சமையக்கட்டுல துணி மாத்துது. வராத காருக்குக் கூரை போட்டிருக்கறோம்.”

அப்பா என்னைப் பார்க்கவும் இல்லை. மத்தியான டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாமா காப்பி குடிக்காமல் போனார். வரும் வழியில் பிரவீன், “எங்கிட்டச் சொல்லீருந்தா டிவிய கம்மியா வெச்சிருப்பேனல்லக்கா” என்றான். வைத்திருக்க மாட்டான். ஆனாலும் சொன்னான்.

ஜனவரி 27, செவ்வாய்

அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. அலுவலகத்தில் ஒரே கோட்டை மூன்று தடவை தப்பாகப் போட்டேன். அன்று வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு மணி நேரம் நினைத்தேன். அப்புறம், இல்லை என்று நினைத்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தண்ணீர் விடப் போனேன். போர்டிகோவுக்கு முன்னால் செங்கல் இறங்கியிருந்தது. கிழக்குப் பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. மேஸ்திரி நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஆருங்க சொன்னது?”

“உங்கப்பாதான். வியாழக்கெழமையே செங்கல்லு வந்துருச்சே, உனக்குத் தெரியாதா? சொல்லீட்டுப் போனாரு, அளவு எச்சா கம்மியா ஆகக் கூடாது, ஒம்பதுன்னா ஒம்பதுன்னு.” மேஸ்திரி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். “ஜன்னலு உன்னையக் கேக்கச் சொன்னாரு. எந்தப் பக்கம் அம்மிணி?”

எத்தனையோ வீடுகளுக்கு ஜன்னல் வைத்திருக்கிறேன். கேட்டால் உடனே சொல்வேன், காற்று எங்கிருந்து வரும், வெயில் எப்போது விழும் என்று. இதற்குத் தெருப் பக்கம் ஒருமுறை, சோளக்காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். செங்கல் அடுக்கின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

“கிழக்கால வெச்சா தெரு நல்லாத் தெரியும்” என்றார் கடைசியில். “ஆரு வந்தாலும் உக்காந்த எடத்துல இருந்தே பாத்துக்கலாம்.”

வருகிறவர்களும் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

“வடக்கால வெச்சுருங்க.”

“வடக்கேயா? அங்க என்ன தெரியும்? வெறும் காடு.”

“தெரியலீன்னாப் பரவால்லீங்க” என்று சொல்லிவிட்டு, சுவருக்குத் தண்ணீர் விட எழுந்தேன்.